மழை வெளிச்சத்தில் மூன்று பேர்

குனிந்தது கெமராவுக்குள் பார்க்கத்தான், வேறு எதற்கும் இல்லை, நெஞ்சுக்கு நேரே பிடித்து மேலிருந்து பார்க்கிற கெமராவில் குனியாமல் எப்படிப் பார்ப்பதாம், ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்வான்... ஆனால் ஊரில் எவனையும் கேட்க முத்துலிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை. ஹட்டன் கடைத்தெருவில், ஸ்டேஷனுக்கு ஏறுகிற வளைவில், ஒரு தையற்கடையின் தகரத் தாழ்வாரத்தின் கீழ் நின்றுகொண்டு லென்ஸைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடியும் துடைத்தான், திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டான். திரும்பினால் அவர்கள் நிற்பார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம், மழைக்குள்ளேயே, மூன்று பேரும், பூரணி இடுப்பில் வைத்திருக்கிற பிள்ளையையும் சேர்த்தால் நாலு பேர்... பூரணி. பெயர் வேறு தெரிந்துவிட்டது. கேட்காமலேயே சொன்னார் கிழவர், 'நான் வீரய்யாங்க, இது மகன் செல்லசாமி, இது மருமக பூரணிங்க' என்று, தோட்டத்தில் பேர் கொடுக்கிற பவ்வியத்தோடு. பெயர் தெரியாத ஆட்களைப் படத்துக்குள் வைப்பது எவ்வளவு சுலபம், ஒரு குடை, ஒரு கம்பளி, ஓர் உருவம் என்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், பெயரைச் சொல்லிவிட்டால் பின்னாலேயே வந்துவிடுகிறார்கள். வரத்தான் வந்தார்கள். மத்தியானத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

மழையில் எவனாவது ஊரைப் படம் எடுப்பானா என்று கண்டியில் ஸ்டூடியோ முதலாளி சிரித்தார். கொழும்பில் ஒரு பிரயாணக் கம்பெனி, வெள்ளைக்காரர்களுக்குக் கொடுக்க மலைநாட்டு ஊர்களைப் பற்றிப் படப் புத்தகம் போடுகிறது, படம் பிடித்துப்போனால் முத்துலிங்கத்தைக் கொழும்புக்கே எடுத்துக்கொள்வதாகப் பேச்சு, கல்யாண மாப்பிள்ளைகளின் காது இரண்டும் ஒழுங்காக விழுந்ததா என்று பார்த்தே முப்பதைத் தொடப்போகிறவனுக்கு அது பெரிய பேச்சு, ஆனால் ஆடி மாத ஹட்டனில் வெயிலுக்கு எங்கே போவது. வெயில் வேண்டாம் முதலாளி என்று இவன்தான் வாதாடினான். வெயில் ஒரு பக்கத்தைச் சுட்டு மறு பக்கத்தைக் கரியாக்கும், மூட்டம் போட்ட வானம்தான் பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவாகப் பரிமாறுகிற கை. தார் ரோடு நனைந்தால் ஒரு விளக்குக்கு இரண்டு விளக்கு, ஒரு குடைக்கு இரண்டு குடை. வானத்தை மட்டும் படத்துக்குள் விடக் கூடாது, விட்டால் பாதிப் படம் வெள்ளைக் கடுதாசி. மழை கம்பியாகத் தெரிய வேண்டுமா, பின்னால் கறுப்பாக ஏதாவது வேண்டும், கரிபிடித்த சுவரோ, திறந்து கிடக்கிற இருட்டுக் கதவோ. அவசரப்படக் கூடாது, தாழ்வாரத்துக்குள் நனையாமல் நின்று காத்திருக்க வேண்டும், நனைகிறவர்கள் தாமாக வந்து சேருவார்கள்... இந்த இடத்தில் அவனுடைய யோசனை தடுக்கி நின்றது. நனைகிறவர்கள் தாமாக வந்து சேருவார்கள். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறான், கால்மேல் கால் போட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டே.

வந்தும் சேர்ந்தார்கள். ஸுஹைர் நானாவின் புடைவைக் கடை வாசலில் ஒதுங்கியபோது எல்லாம் சொல்லிவைத்ததுபோல் கூடிவந்தது. எதிரே ஸ்டூடியோ, ஊருக்கே அது ஒன்றுதான், கண்ணாடிக் கூரை வழியாக இறங்குகிற பகல் வெளிச்சத்தில் படம் பிடிக்கிற பழைய மாதிரி, அதன் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் தோட்டத்து ஜனங்கள். பிரஜா உரிமைக்கு மனுப் போடக் கெடு முடியப்போகிறது, மூன்று வருடத்துக்கு முன் ஒரு சட்டத்தில் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்று ஆகிப்போனவர்கள், மனுவோடு படமும் வைத்தால் நல்லது என்று யாரோ ஒருவர் சொல்ல, அந்தப் பேச்சு தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் தாவும்போது படம் இல்லாதவர்களைக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று வளர்ந்திருந்தது. கம்பளி போர்த்தியவர்கள், சாக்கை முக்காடாக மடித்துப் போட்டவர்கள், கறுப்புச் சுவரோரமாக நெளிந்து நின்ற அந்த வரிசையின்மேல் மழை சன்னமாக இறங்கியது. முத்துலிங்கம் ஒன்று எடுத்தான். அப்போதுதான் வரிசையின் முன் பக்கத்தில் நின்ற கிழவர் அவனைக் கண்டார். கால்சட்டை, மழைக் கோட்டு, கழுத்தில் கெமரா... மகனிடம் என்னவோ சொன்னார். மூவரும் வரிசையை விட்டு இறங்கினார்கள், தெருவுக்கு வந்தார்கள், யாரும் சொல்லாமலே பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற அதே நிலை. அவர்களுக்குப் பின்னால் பொகவந்தலாவை பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது, மஞ்சள் வெளிச்சம் ஈரத் தாரில் வழுக்கிக்கொண்டே அவர்களுடைய காலடிவரை வந்தது, கம்பளியின் ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை வைத்ததுபோல் மின்னியது, ஆயுளுக்கு ஒரு தடவை அமைகிற படம், மூச்சைப் பிடித்துக் குனிந்தான். 'ஐயாங்க, இது பிரஜா உரிமைக்குத்தானுங்களே?' என்றார் கிழவர். குனிந்திருந்தவன் தலையை ஒரு தடவை அசைத்தான்.

அசைத்தானா? கெமராக் கண்ணாடியில் மழைத்துளி விழுந்தது, அதை ஊதுவதற்காகத் தலை கொஞ்சம் ஆடியிருக்கலாம்... பொய். யாருக்குச் சொல்கிற பொய் இது, தகரத்தில் விழுகிற மழைக்கா. இல்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் வரிசைக்குத் திரும்பியிருப்பார்கள், பஸ் போயிருக்கும், வெளிச்சம் போயிருக்கும், அவ்வளவும் அந்த ஒரு நொடிக்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தேதான் அசைத்தான், எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம். அப்புறம் அந்த அசைப்பு எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை, பெரட்டில் ஆட்களிடம் வாயைத் திறக்க மாட்டார், தலை இந்தப் பக்கம் ஆடினால் மலைக்கு, அந்தப் பக்கம் ஆடினால் இன்றைக்கு வேலை இல்லை, லயத்துக்குத் திரும்பு, ஏன் என்று ஒருத்தர் கேட்டதில்லை, தலையாட்டினால் அது உத்தரவு. அதைப் பார்க்கப் பிடிக்காமல்தானே தோட்டத்து வேலையே வேண்டாம் என்று சண்டை போட்டுக்கொண்டு கண்டிக்கு வண்டி ஏறினான், நான் உங்களை மாதிரி ஆக மாட்டேன் என்று வேறு வசனம், அம்மா அழ அழ. துணிமணியெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தவன் கழுத்தை மட்டும் கூடவே கொண்டுவந்திருக்கிறான்.

ஐயா தலையசைத்துவிட்டார், ஐயா நடக்கிறார், ஆகவே ஐயாவின் பின்னால் போக வேண்டும், தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதில் சந்தேகமே வராது. ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போவார், கையெழுத்து வாங்குவார், ஏதோ ஒன்று செய்வார். கோவில் பக்கம் போனான், வந்தார்கள். கோபுரத்தின் பிம்பம் குட்டையில் விழுவதை எடுக்கக் காத்திருந்தான், அவர்கள் காத்திருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது பூரணி அவசரமாகக் கம்பளியை விலக்கிப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள், உள்ளே கல்யாணத்துக் கூறைச்சேலை தெரிந்தது, மாமனார் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், செல்லசாமி கோட்டின் காலரை இழுத்து விட்டுக்கொண்டான், கோட்டு அவனுக்குத் தோளில் இறங்கிக் கிடந்தது, லயத்துக்கு ஒரு கோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு நாள் போட்டுக்கொண்டு படம் எடுத்து வருகிறார்கள் என்று ஸுஹைர் நானா சொன்னது நினைவுக்கு வந்தது, மத்தியானம் கேட்டபோது சிரிப்பு வந்தது, சிரித்தான்கூட. பஸ் ஸ்டாண்டுக்குப் போனான், ஒன்று எடுத்தான், மனசு படத்தில் இல்லை, குடைக்கம்பி ஒன்று குறுக்கே வந்தது. முதுகு அரித்தது. யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது சாப்பிடுகிற மாதிரி இருந்தது. வீரய்யா கிட்டே வந்து தயங்கி நின்றார். 'ஐயாங்க, எங்க மூஞ்சி தெளிவா விழுந்துச்சுங்களா? மருமக கேக்குது.' அவன் 'ம்' என்றான். இந்தத் தடவை கெமராவும் கையில் இல்லை, கழுத்தில் தொங்கியது, குனிந்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

மூஞ்சி விழவில்லை. அதுதான் அந்தப் படத்தின் அழகே. பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் முகமெல்லாம் இருட்டு, மூன்று உருவம், அவ்வளவுதான், முகம் தெரிந்திருந்தால் அது தோட்டத்து ஆட்கள் மூன்று பேர் நிற்கிற படம், தெரியாததால்தான் மலைநாட்டு ஊர் ஒன்றின் படம், கொழும்புக்காரர்கள் அட்டைக்கே போட்டாலும் போடுவார்கள். எந்த ஆபீசிலும் எந்த மேசையிலும் அதைக் காட்டி இது நான் என்று ஒருவர் சொல்ல முடியாது. தன்னுடைய மனுவுக்குப் படம் எடுத்தபோது மட்டும் என்ன பாடு படுத்தினான், கண்டியில், வேலை செய்கிற கடையில், கதவைச் சாத்திவிட்டு, முதல் தடவை நெற்றி பளபளத்தது, பவுடர் போட்டான், மறுதடவை இடது கண் சிறுத்துவிட்டது, பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு... தன் முகம் என்றால் கண்ணும் காதும் நெற்றியும் வேண்டும், இவர்களுக்கு ஓரத்தில் ஒரு வெள்ளிக் கோடு போதும். சே. இதை நினைத்தபோது காது சுட்டது, ஆடி மாதக் குளிரில் காது மட்டும் தனியாகச் சுட்டது. போகச் சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, வாயைத் திறந்தால் தோட்டத்துப் பேச்சுத்தான் வரும், மத்தியானத்திலிருந்து ஒரு தடவை தலையாட்டி ஒரு தடவை 'ம்' கொட்டியே ஒரு பெரிய ஆபீசர் ஆகிவிட்டான், அதை எப்படிக் கழற்றுவது. இப்படியே நின்றால் அவர்களாகவே அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார்கள், மழை கூடுகிறது, பிள்ளை வேறு இருக்கிறது, போகாமலா இருப்பார்கள்... போக மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். பெரட்டில் நின்றவர்கள் கணக்கப்பிள்ளை போ என்கிற வரைக்கும் போனதில்லை.

ஸுஹைர் நானா குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தொழுகைக்குப் போகிறவர் தையற்கடை முன்னால் நின்றார். 'இன்னமும் நனஞ்சிட்டா ஈக்கிறீங்க தம்பி?' என்றார். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார், பார்வை அங்கேயே கொஞ்சம் தங்கியது. 'இவங்க ஏன் இங்க நிக்கிறாங்க? விடிய வந்து நிண்ட ஆக்கள், அடுத்தது இவங்கட முறதான், கதவுக்கிட்டவே வந்துட்டாங்க, பொறகு பாத்தா ஆளக் காணோம்.' முத்துலிங்கம் லென்ஸைத் துடைத்தான். 'ஸ்டூடியோவும் மூடியாச்சு. கூரையில வெளிச்சம் இல்லயாம், இண்டைக்கு இனி எடுக்க ஏலாதாம். நாளைக்கும் இப்பிடித்தான் மூட்டம் போட்டா என்ன செய்யப்போறாங்களோ, அல்லாதான் பாக்கணும்' என்று சொல்லிக்கொண்டே நானா நடந்தார், குத்தலாக ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குக் குத்தத் தெரிந்திருந்தால் தேவலை. அடுத்தது இவர்களுடைய முறை. கதவுக்கிட்டே வந்துவிட்டார்கள். இவனுக்கு அமுதமாக இருந்த மூட்டம் ஸ்டூடியோவுக்கு விஷம், அதைத் தொழிற்காரனாக அவன்தான் முதலில் யோசித்திருக்க வேண்டும், கண்ணாடிக் கூரைக்காரன் இன்றைக்கு எத்தனை மணிக்கு மூடுவான் என்று எந்தப் படம்பிடிக்கிறவனுக்கும் தெரியும். தெரிந்ததெல்லாம் தனக்குத் தேவையான பக்கம் மட்டும் வேலை செய்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, சின்னப் பிள்ளையில் பந்தியில் இரண்டாந்தரம் உட்கார்ந்து பிடிபட்டபோதுகூட இவ்வளவு வெட்கம் வந்ததில்லை, ஸ்டேஷனில் ஒரு வண்டி கூவியது, ஏறிப் போய்விட்டால் யாருக்குத் தெரியும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது, ஓடினதும் அதற்காகவும் வெட்கப்பட்டான்.

தெருவைக் கடந்தான். அவன் வருவதைக் கண்டதும் மூன்று பேரும் நேராக நின்றார்கள். 'அது... அந்தப் படம் அதுக்கு இல்லைங்க' என்று சொன்னதும் வீரய்யாவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், சொன்ன விஷயம் இன்னும் எட்டவில்லை, பேச்சு எட்டிவிட்டது. 'ஐயா நம்ம பக்கமுங்களா? எந்தத் தோட்டமுங்க?' 'கொத்மலப் பக்கமுங்க. அப்பா கணக்கப்புள்ள.' 'அப்பிடிச் சொல்லுங்க' என்று கிழவர் மகனைப் பார்த்துத் தலையாட்டினார், பார்த்தாயா, நல்ல இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறோம் என்பதுபோல. அந்த நம்பிக்கையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக்காரங்க பாக்குற புஸ்தகத்துக்குங்க, பிரஜா உரிமைக்கும் எனக்கும் சம்பந்தமில்லைங்க, நீங்க கேட்டப்ப நான் தலையாட்டுனது தப்புங்க, தெரிஞ்சுதான் ஆட்டுனேன்... கடைசி வார்த்தை மழையில் கரைந்திருக்கக் கூடாதா என்று இருந்தது, கரையவில்லை, செல்லசாமிக்குக் கேட்டது. அவன் கோட்டைக் கழற்றினான், உள்பக்கம் வெளியே வரும்படி மடித்துக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டான். 'நாளைக்கி இந்தக் கோட்ட அழகுமுத்து போடணும்' என்று அப்பாவிடம் சொன்னான், முத்துலிங்கத்திடம் இல்லை. 'இன்னக்கிப் பேரும் போச்சு' என்றான், ஒரு நாள் கூலி போனதை அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் அப்பாவிடம்தான். திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். வீரய்யாதான் பேசினார், 'ஐயா மேல என்னங்க தப்பு, நாங்களாதான வந்து நின்னோம்' என்று, அப்பாவின் பெரட்டில் வேலை இல்லாமல் திரும்புகிற ஆள் சொல்கிற அதே குரலில், இதைவிட ஓர் அறை விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பான். பூரணி மட்டும் நேராக அவனைப் பார்த்துக் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 'அந்தப் புஸ்தகத்துல எங்க பேரு இருக்குமுங்களா?'

இருக்காது. ஹட்டன், மழை நாள் என்று இருக்கும். அதைச் சொல்வதற்குப் பதிலாகக் கெமராவில் படத்தின் எண்ணைப் பார்த்தான், பார்த்தபோதுதான் அது தோன்றியது, சுருளில் ஒரு படம் மீதம் இருக்கிறது, ஒன்றே ஒன்று, மூன்று முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தெளிவாக, நேராக எடுத்துவிட்டால், கண்டியில் பெரிதாக்கி மூன்றாக வெட்டி ஒட்டக் கொடுக்கலாம், எந்த ஆபீசும் போதாது என்று சொல்லாது, இந்த மூட்டத்துக்கு முகமெல்லாம் ஒரே சீராக விழும், ராத்திரிக்குள் கழுவி அச்சுப் போட்டால் நாளை மறுநாள் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பலாம்... ஏன் இது முன்னமே தோன்றவில்லை. உளறி உளறிச் சொன்னான், மூணு பேரும் அந்தத் தையக்கடத் தாழ்வாரத்துக்குள்ள வாங்க, நெருங்கி நில்லுங்க, இது நெசமாவே அதுக்குத்தாங்க. நம்பியும் நம்பாமலும் வந்தார்கள். செல்லசாமி கோட்டைத் திரும்பவும் விரித்தான், வீரய்யா மருமகள் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக் கீழே நிறுத்தினார், தையற்காரர் உள்ளே பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்தார். முத்துலிங்கம் கண்ணாடிக்குள் பார்த்தான். விளக்கின் வெளிச்சம் கதவின் இடுக்கு வழியாக வந்து பூரணியின் ஒரு கன்னத்தில் விழுந்தது, மறு கன்னத்தில் மழைநாளின் சாம்பல் வெளிச்சம், இமையில் இன்னும் ஈரம், கேட்ட கேள்விக்குப் பதில் வராத பார்வை அப்படியே கண்ணில் நின்றது, என்ன ஒரு முகம், ஓர் அடி முன்னால் வைத்தான், இன்னோர் அடி, இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் கதவின் இருட்டு முழுக்கப் பின்னால் வந்துவிடும், நகர்ந்தான், வந்தது, மூச்சைப் பிடித்தான். 'நாங்க மூணு பேரும் விழுறோமுங்களா ஐயா?' என்று வீரய்யா கேட்டார், குரல் எங்கேயோ ஓரத்திலிருந்து வந்தது. அப்போதுதான் பார்த்தான். கண்ணாடிக்குள் கிழவரும் இல்லை, செல்லசாமியும் இல்லை. அவள் முகம் மட்டும் இருந்தது, அவன் விரல் பொத்தானை முக்கால்வாசி அழுத்தியிருந்தது.